கப்பலில் வந்த தானம் – 7: மூட்டையின் கணக்கும் தட்டின் கணக்கும்

1951-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நீண்ட வாதப் பிரதிவாதங்களுக்குப் பின் 19 கோடி டாலர் கடனாக இந்தியாவுக்குக் கோதுமை தரச் சட்டம் இயற்றியதையும், 1954 ஜூலை 10 அன்று அதிபர் ஐசனோவர் கையொப்பமிட்ட பொதுச் சட்டம் 480 அந்நாட்டின் உபரி தானியத்துக்கு உலகெங்கும் வழி திறந்ததையும், 1960 மே 4 அன்று மத்திய உணவு அமைச்சர் எஸ். கே. பாட்டீல் 1 கோடியே 60 இலட்சம் டன் கோதுமைக்கும் 10 இலட்சம் டன் அரிசிக்குமான ஒப்பந்தத்தை வாஷிங்டனில் முடித்ததையும் முந்தைய பகுதிகள் விவரித்தன.

அச்சட்டத்தின் கீழ் தானியம் இரண்டு வழிகளில் வந்தது. பெரும்பகுதி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அந்த ரூபாய் அமெரிக்க அரசின் பெயரில் இந்தியாவிலேயே குவிந்தது. சிறுபகுதி மட்டும் விலையின்றி, தன்னார்வ நிறுவனங்களின் வழியாகக் குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் நோயாளிகளுக்கும் தரப்பட்டது. இந்த இரண்டாவது வகையே சரியான பொருளில் மானியம், அதாவது திருப்பித் தர வேண்டாத, ஆனால் குறித்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டிய உதவி. சட்டத்தின் மூன்றாம் தலைப்பில் இருந்த இந்தத் தன்னார்வ நிறுவனக் கொடை, 1966-இல் சட்டம் திருத்தப்பட்டபோது இரண்டாம் தலைப்புக்கு மாற்றப்பட்டது.

ரூபாய்க் குவியலைப் பற்றி நாடாளுமன்றத்திலும் நாளேடுகளிலும் ஏராளமாகப் பேசப்பட்டது. கொடையாக வந்த மூட்டையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இந்த வாரம் அந்த மூட்டையைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து வடக்கே எண்ணூர் வரை பின்தொடர்ந்து, அதை யார் எண்ணினார்கள், யாருக்காக எண்ணினார்கள் என்று பார்ப்பதே நோக்கம்.

ஓர் அணாவின் கதை

பள்ளிக் குழந்தையின் உணவுக்கும் அரசுக் கணக்குக்கும் இடையிலான பூசல் அமெரிக்கக் கப்பல் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் தொடங்கிவிட்டது. வடசென்னையின் வண்ணாரப்பேட்டையில் இன்றும் தம் பெயர் தாங்கி நிற்கும் கல்வி நிலையத்தை உருவாக்கிய பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுணவு தரத் தீர்மானம் நிறைவேறியது. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது.

1925-இல் அது நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று ஆங்கிலேய அரசு தடுத்ததே காரணம். பணம் களவு போனதாகவோ குழந்தைகள் உண்ணவில்லை என்றோ எவரும் குற்றம் சாட்டவில்லை. செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது என்பது மட்டுமே கேள்வியாயிற்று. பொதுப்பணத்தின் மேற்பார்வை என்பது இந்த நகரத்துக்கு அறிமுகமான விதம் இதுதான்: கணக்குப் புத்தகத்தின் பத்தி சரியாக இருந்தது, தட்டு வெறுமையாயிற்று. இத்தொடர் திரும்பத் திரும்பச் சந்திக்கப்போகும் சிக்கலின் முதல் உருவமாக இதைக் கொள்ளலாம்.

ஊர் எழுதிய கணக்கு

1956-இல் முதலமைச்சர் காமராசரும் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவும் மதிய உணவை மாநிலம் முழுவதற்குமான இயக்கமாக மாற்ற முனைந்தபோது, அரசின் பெட்டகத்தில் அதற்கென ஒதுக்கிய பணம் இல்லை. ஊர் மக்களே முன்வந்து அரிசியும் காய்கறியும் விறகும் பாத்திரமும் தந்தனர். 1957 நவம்பர் முதல் அரசு மானியம் சேர்ந்தது. ஓர் உணவுக்குப் 10 காசு செலவு என்று வரையறுக்கப்பட்டு, அதில் 6 காசை அரசும் 4 காசை உள்ளூர் மக்களும் ஏற்றனர். ஆண்டுக்கு 200 நாள் உணவு என்பது கணக்கு. அன்று மாநிலத்தின் நிதி, கல்வித் துறைகளைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர் சி. சுப்பிரமணியம், அவர் பெயர் இந்தப் பகுதியில் மீண்டும் வரும்.

அந்த 4 காசை வெறும் நிதிப் பங்கீடாகப் பார்ப்பது போதாது. அரிசி தந்தவர் அதே தெருவில் வாழ்ந்தவர். அவருடைய பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அந்தப் பந்தியில் அமர்ந்தது. உலையில் எவ்வளவு போட்டார்கள் என்பதைக் கேட்கும் உரிமை ஊருக்கு இருந்தது. 1958 முதல் மாவட்டந்தோறும் கூடிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் யார் எதைத் தந்தார் என்பது மேடையில் அறிவிக்கப்பட்டது. முறையான தணிக்கை என்று இதை எந்தக் கணக்காயரும் ஒப்புக்கொள்ளமாட்டார். சாதியும் செல்வாக்கும் புகுந்து கெடுக்கக்கூடிய ஏற்பாடு என்பதும் உண்மை. ஆயினும் கொடுத்தவரும் உண்டவரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடிய தொலைவில் இருந்தார்கள். அந்தத் தொலைவு விரைவில் பல்லாயிரம் மைலாக நீளவிருந்தது.

1961: கேர் வருகிறது

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-இல், ஐரோப்பாவின் பசித்த மக்களுக்கு உணவுப் பொட்டலம் அனுப்புவதற்காக இருபத்திரண்டு அமெரிக்கத் தொண்டு அமைப்புகள் ஒன்றுகூடி உருவாக்கியது கேர் நிறுவனம். 1950-இல் இந்திய அரசோடு அது உடன்படிக்கை செய்துகொண்டது. 1951-இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்த மற்றோர் உடன்படிக்கை, இத்தகைய நிவாரணப் பொருளுக்குச் சுங்க வரி கிடையாது என்றும், துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லும் கட்டணத்தை இந்திய அரசே ஏற்கும் என்றும் வகுத்தது.

1961-இல் மூன்று நிகழ்வுகள் ஒரே ஆண்டில் பொருந்தி வந்தன. அதிபர் கென்னடி உபரி தானியத் திட்டத்துக்கு ‘அமைதிக்கான உணவு’ என்ற பெயரை முன்னிறுத்தி, ஜார்ஜ் மக்கவர்னை அதன் இயக்குநராக்கினார். அயல்நாட்டு உதவிச் சட்டம் நிறைவேறி, சிதறிக் கிடந்த உதவிப் பணிகளை ஒன்றுசேர்த்து ஏ.ஐ.டி. என்னும் பன்னாட்டு வளர்ச்சி முகமை பிறந்தது. சென்னை மாநிலத்தின் மதிய உணவுத் திட்டத்துக்குக் கேர் பொருள் தரத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

பால் பவுடர், மக்காச்சோள மாவு, தாவர எண்ணெய் ஆகியவை வந்தன. பின்னர் கோதுமை ரவையும், 1966-க்குப் பின் மக்காச்சோளமும் சோயாவும் பாலும் கலந்த சத்து மாவும் சேர்ந்தன. அரிசிச் சோறு தந்த பள்ளிகளில் உப்புமா வந்தது. ஒரு தலைமுறைத் தமிழருக்கு அமெரிக்கா என்ற நாடு முதலில் நாவின் வழியாகவே அறிமுகமாயிற்று.

காமராசர் அரசு இதை ஏற்றது சரியான முடிவுதான். மாநிலத்தின் வருவாயைக் கொண்டு மட்டும் இத்தனை இலட்சம் குழந்தைகளுக்கு உணவைத் தொடர்ந்து தர முடியாது என்பது அன்றைய நிதிநிலை அறிந்த எவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த முடிவோடு கண்ணுக்குப் புலனாகாத ஒரு மாற்றமும் வந்தது. இதுவரை ஊருக்குப் பதில் சொல்லிய பள்ளி, இனிமேல் கடல் கடந்த ஓர் அரசுக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

கப்பல்தளத்தில் ஒரு நாள்

இங்கே வேகத்தைக் குறைத்து மூட்டையை உற்றுப் பார்க்க வேண்டும்.

மூட்டையின் மீது, கைகுலுக்கும் இரு கரங்களின் சின்னமும், இது அமெரிக்க மக்களின் கொடை, விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது என்னும் பொருள்பட்ட வாசகமும் அச்சிடப்பட்டிருந்தன. அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் பெரும் விதித்தொகுப்பு ஒன்று இருந்தது. ஏ.ஐ.டி.யின் ‘ரெகுலேஷன் 11’ என்று வழங்கிய அந்தத் தொகுப்பு, கேர் போன்ற நிறுவனத்தை ‘ஒத்துழைக்கும் பொறுப்பாளர்’ என்று அழைத்தது. பொருளைக் கப்பலிலிருந்து ஏற்றுக்கொள்வது முதல் பயனாளியின் கையில் சேர்ப்பது வரை, ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குக் காட்டும் கடமை அந்தப் பொறுப்பாளருடையது.

கப்பல் அணைந்ததும், சரக்குச் சீட்டில் எழுதிய எண்ணிக்கையும் தளத்தில் இறங்கிய எண்ணிக்கையும் ஒத்துப்பார்க்கப்பட்டன. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பகுதிகளிலிருந்து வந்த துறைமுகத் தொழிலாளர்கள் கப்பலின் அடித்தட்டிலிருந்து மூட்டைகளை வலைக்கட்டாக ஏற்றி இறக்க, எண்ணிக்கை எழுத்தரான டேலி கிளார்க் ஒவ்வொரு வலைக்கட்டையும் குறித்தார். கொக்கி பட்டுக் கிழிந்தவை, கடல்நீர் பட்டு நனைந்தவை, குறைந்து வந்தவை ஆகியன தனித்தனியாகப் பதிவாயின. கப்பல் நிறுவனத்தையும் சாராத, பெறுபவரையும் சாராத மதிப்பீட்டாளர் ஒருவர் அறிக்கை எழுதினார். கடலில் நேர்ந்த இழப்பென்றால் கப்பல் நிறுவனத்திடம் இழப்பீடு கோரப்பட்டது. அந்தத் தொகை அமெரிக்க அரசின் சரக்குக் கடன் கழகத்துக்குச் சேர வேண்டியது. தளத்தில் சிந்திய மாவைக் கூட்டி அள்ளியதற்கும் கூட, அது உண்ணத் தகுந்ததா, தகாததா என்ற தீர்ப்பும் பதிவும் தேவைப்பட்டன.

காலி மூட்டைக்கும் கணக்கு இருந்தது. உணவு தீர்ந்தபின் பைகளையும் டின்களையும் விற்கலாம்; விற்ற பணத்தைத் திட்டத்துக்கே செலவிட வேண்டும்; வணிகத்துக்கு மறுபடி பயன்படும் பையின் மீதுள்ள அமெரிக்க முத்திரை அழிக்கப்பட வேண்டும். விதிகளை எழுதியவர்கள் எவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தார்கள் என்பதற்கு இது ஒன்றே சான்று. ஏளனம் செய்யத் தக்கதன்று அந்த நுணுக்கம். பற்றாக்குறை நிலவிய நகரத்தில், இலவச மாவு கள்ளச் சந்தைக்குப் போகாமல் தடுக்கும் வழி வேறில்லை.

ஆனால் நுணுக்கம் எங்கே மிகுந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கடலோரத்தில் இரண்டு, மூன்று பேர் தனித்தனியே எண்ணிச் சரிபார்த்த மூட்டை, சரக்கு இரயிலிலும் லாரியிலும் ஏறி உள்நாட்டுக் கிடங்குக்குப் போனபோது ஒருவர் எண்ணும் மூட்டையாயிற்று. பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது அதை ஏற்றுக்கொண்டவர், இருப்பில் வைத்தவர், சமைக்க அளந்து கொடுத்தவர், எத்தனை பேர் உண்டனர் என்று எழுதியவர் ஆகிய எல்லோரும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்.

ஒரே சாலை, இரண்டு பதிவேடு

வடசென்னைக் கரையோரச் சாலையில் ராயபுரத்திலிருந்து வடக்கே நடந்தால் தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் திருவொற்றியூர், அதன்பின் எண்ணூர். 1960களில் இந்தச் சாலையின் நடுவே ஒரு நிர்வாக எல்லை குறுக்கிட்டது. தெற்கே மாநகராட்சிப் பள்ளிகள்; மதிய உணவில் அவற்றுக்குத் தியாகராயர் காலத்திலிருந்தே தனி மரபு உண்டு. வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே மாநிலக் கல்வித்துறையின் ஏற்பாடு. மீனவக் குப்பங்களின் பிள்ளைகளும், திருவொற்றியூரின் என்ஃபீல்டு, எண்ணூரின் அசோக் லேலண்டு போன்ற ஆலைகளை நம்பிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் ஒரே கடற்காற்றில் வளர்ந்தும் வெவ்வேறு பதிவேடுகளில் எழுதப்பட்டனர்.

ஒரு மூட்டைக்குப் பின்னால் எத்தனை பெட்டகங்கள் இருந்தன என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். தானியம் அமெரிக்க அரசுடையது. அதன் செலவை ஆராய அந்நாட்டுக் காங்கிரசுக்குப் பொறுப்பான பொதுக் கணக்கு அலுவலகம் இருந்தது. சுங்க விலக்கும் உள்நாட்டுப் போக்குவரத்துச் செலவும் மத்திய அரசைச் சார்ந்தவை. அவற்றை இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அலுவலகம் பார்த்தது. சமையல் செலவுக்கான மானியம் மாநிலத்துடையது. அதற்கு ஈடாகப் பள்ளிகளும் உள்ளாட்சிகளும் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது பெற்ற மானியம் குறித்த நோக்கத்துக்கே செலவாயிற்று என்று பொறுப்பு அலுவலர் ஒப்பமிட்டுத் தரும் சீட்டு, அனுப்ப வேண்டும். உள்ளாட்சிக் கணக்குகளை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தனியே ஆராய்ந்தது.

இத்தனை தணிக்கையாளரும் தத்தம் பங்கை ஒழுங்காகப் பார்த்ததாகவே வைத்துக்கொண்டாலும், மூட்டையின் முழுப் பயணத்தையும் ஒருசேரப் பார்க்கும் அதிகாரம் அவர்களில் ஒருவருக்கும் கிடையாது. அமெரிக்கத் தணிக்கையாளர் மாநிலத்தின் கணக்கில் நுழைய இயலாது; மாநிலத் தணிக்கையாளருக்கு மாவின் விலை செலவாகவே தோன்றாது, ஏனெனில் அது இலவசம்.

முழுப் பயணத்தையும் பார்க்க முயன்றவர்கள் கேரின் கள அலுவலர்களே. ‘இறுதிப் பயன் சோதனை’ என்ற பெயரில் பள்ளிக்கு நேரில் சென்று, இருப்புப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் அன்று பந்தியில் அமர்ந்த தலைகளையும் ஒத்துப்பார்ப்பது அவர்கள் பணி. மாநிலத்தில் ஏறத்தாழ 30,000 பள்ளிகளில் உணவு வழங்கப்பட்ட காலம் அது. விரல்விட்டு எண்ணத்தக்க அலுவலர்களால் அவற்றில் எத்தனையைத் தொட முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதிலே மற்றொரு முடிச்சும் உண்டு. அடுத்த ஒதுக்கீடு, உண்டவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. உண்டவர் எண்ணிக்கை வருகைப் பதிவேட்டைப் பொறுத்தது. பள்ளியின் தகுதியும் ஆசிரியர் பணியிடமும் கூட அதே வருகையைப் பொறுத்தவை. எண்ணிக்கை கூடுவதால் எல்லோருக்கும் நன்மையும், குறைவதால் எல்லோருக்கும் இழப்பும் நேரும் இடத்தில், கூடுதலாக எழுதாதிருப்பதற்கு ஆசிரியரின் மனச்சான்று ஒன்றே காவல். பெரும்பாலான ஆசிரியர்கள் அந்தக் காவலை மீறவில்லை என்று நம்பலாம். ஆனால் அவ்வாறு நம்ப வேண்டிய நிலையில் ஒரு திட்டத்தை வைத்தது அமைப்பின் குறை.

கயிறு இறுகுகிறது

1965-இல் அதிபர் ஜான்சன் இந்தியாவுக்கான தானிய ஏற்றுமதியை நீண்டகால ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து, மாதத்துக்கு மாதம் தாமே ஒப்புதல் தரும் முறைக்கு மாற்றினார். மழை பொய்த்த இரு ஆண்டுகளின் நடுவே, 1966-இல் மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதியாயிற்று. அப்போது மத்திய உணவு அமைச்சர், முன்பு சென்னை மாநிலத்தில் மதிய உணவுக்கு 6 காசு ஒதுக்கிய அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த அதே சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் அவர் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்து, இந்திய வேளாண்மையில் செய்யப்போகும் மாற்றங்களை உடன்பாடாக எழுதிக்கொடுக்க நேர்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் இந்திய உணவுக் கழகம், சென்னையைத் தலைமையிடமாகவும் தஞ்சாவூரை முதல் மாவட்ட அலுவலகமாகவும் கொண்டு பிறந்திருந்தது.

இந்த இறுக்கம் முதன்மையாக ரூபாய்க்கு வாங்கும் தானியத்தின் மீது விழுந்தது. இருந்தும் மேற்பார்வை என்ற சொல் அந்த ஆண்டுகளில் இரண்டு பொருள்களைத் தாங்கத் தொடங்கியது என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். உணவு உரியவரைச் சேர்ந்ததா என்று பார்ப்பது ஒன்று. உணவு பெறும் நாடு தரும் நாட்டின் விருப்பப்படி நடக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. முதலாவது கொடுப்பவரின் கடமை. இரண்டாவதற்கும் அதே பெயரைச் சூட்டியதால், முதலாவதும் அயல்நாட்டுத் தலையீடாகப் பலர் கண்களில் பட்டது. அந்தக் குழப்பத்துக்கான விலையைத் தந்தவர்கள் வாஷிங்டனிலும் இல்லை, புதுதில்லியிலும் இல்லை.

அறுபதுகளின் பிற்பகுதியில் கேரும் மாநில அரசும் மத்திய சமையற்கூடம் என்ற ஏற்பாட்டை முயன்றன. ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக அடுப்பு மூட்டுவதற்கு மாறாக, ஓரிடத்தில் பெருமளவில் சமைத்துச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு வண்டியில் அனுப்புவது அதன் முறை. ஆசிரியரின் சமையல் சுமை குறைந்தது, சுகாதாரம் உயர்ந்தது என்பவை வெளிப்படையான நன்மைகள். கணக்கின் கோணத்தில் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது: எத்தனையோ பள்ளிகளில் சிதறிக் கிடந்த இருப்பு ஓர் அறைக்குள் வந்தது, அளப்பவரும் உண்டவரை எண்ணுபவரும் வெவ்வேறு ஆட்களாயினர். ஏற்றுக்கொள்பவர், அளப்பவர், எழுதுபவர் மூவரும் ஒருவராக இருக்கலாகாது என்னும் தணிக்கையின் அடிப்படை விதி, மூட்டை முதன்முதலில் சென்னையில் இறங்கிப் பல ஆண்டுகள் கழித்தே தட்டின் அருகில் வந்து சேர்ந்தது.

1967-இல் ஆட்சி மாறியது. அரிசிப் பஞ்சம் வாக்குப்பெட்டி வரை எதிரொலித்த தேர்தல் அது. காமராசரே தோற்றார். புதிய அரசு மதிய உணவைத் தொடர்ந்தது; கேரும் தொடர்ந்தது.

டிசம்பர் 1971

1971 டிசம்பர் 3 அன்று இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. மூன்று நாள் கழித்து, இந்தியாவுக்கென ஏற்பாடாகியிருந்த 8 கோடியே 76 இலட்சம் டாலர் பொருளாதார உதவியை அமெரிக்கா நிறுத்திவைத்தது. அமெரிக்கக் கடற்படையின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலை நோக்கி வந்தது. பத்தாண்டுகளாகப் பால் பவுடர் ஏற்றிய கப்பல்கள் வந்து சேர்ந்த அதே கடல் அது.

போர் இரு வாரத்தில் முடிந்தது. உறவு முறிந்தபடியே நின்றது. ஏ.ஐ.டி.யின் இந்திய அலுவலகத்தைச் சுருக்க வேண்டும் என்ற பேச்சு இரு தலைநகரங்களிலும் வலுத்தது. கப்பல் தளத்திலிருந்து பள்ளி வரை நீண்ட சரிபார்ப்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்திருந்தது அந்த அலுவலகமே. அதன் படிவங்களுக்காகவே கேர் எண்ணியது, கேரின் படிவங்களுக்காகவே பள்ளி எழுதியது.

தமிழ்நாட்டின் மதிய உணவு இப்போது இரண்டு கேள்விகளின் நடுவே சிக்கியது. நிறுத்திவைக்கப்பட்ட உதவி என்ற சொல்லுக்குள் குழந்தைகளுக்கான கொடை மூட்டையும் அடங்குமா? அடங்காமல் தப்பி அது தொடர்ந்து வருமானால், கேட்பவர் கலைந்துபோன பின், அந்த மூட்டைக்கு எவர் எவரிடம் கணக்குச் சொல்வார்?

(தொடரும்)